விடுதி ரூட்டருக்குள் நுழைந்தவர் ஹேக்கரா?

பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது. விடுதி வைஃபை ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய இரண்டு கட்டங்களிலும் ‘அட்மின்’ என்று தட்டியிருக்கிறார், உள்ளே போய்விட்டார், தம் அறைக்கு மட்டும் வேகத்தைக் கூட்டியும் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நண்பர்கள் அவரை ஹேக்கர் என்கிறார்கள். செய்தித்தாளில் ‘ஹேக்கர் கைது’ என்று வருகிறது, கல்லூரியிலோ ஹேக்கத்தான் என்ற நிரலெழுதும் போட்டி நடத்திப் பரிசு தருகிறார்கள், அப்படியானால் நான் பெருமைப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. நிரலாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஹேக்கர் என்று சொல்லும்போது எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. நீங்கள் செய்த காரியத்துக்கு உங்களுக்கு உரிமை இருந்ததா என்பது மற்றொன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குதளங்களுக்கும் வலையமைப்புக் கருவிகளுக்கும் மென்பொருள் எழுதிவரும் எனக்கு முதல் கேள்வியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால் இரண்டாவதைப் பற்றிக் குறைவாகவே சொல்வேன்.

சொல்லின் பிறப்பிடம் ஓரளவு உறுதியாகத் தெரிந்ததுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட மாதிரி ரயில் கழகம் ஒன்று உண்டு. அக்கழகத்தின் அறையில் ஒரு பெரிய மேடை. அதன் மேல் குட்டித் தண்டவாளங்கள், குன்றுகள், நிலையங்கள். உறுப்பினர்களில் சிலருக்கு அந்த மேற்பரப்பில்தான் நாட்டம்: பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டுவது, பழைய ரயில்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பது. வேறு சிலர் மேடைக்கு அடியிலேயே குடியிருந்தார்கள். அங்கே தொலைபேசி நிலையங்களுக்காகச் செய்யப்பட்ட ரிலேக்கள் என்னும் மின்காந்தச் சுவிட்சுகளையும் சுழல் சுவிட்சுகளையும் கம்பியால் பின்னி, எந்த ரயில் எந்தப் பாதையில் போகிறது, அதை யார் ஓட்டுகிறார் என்பதையெல்லாம் முடிவுசெய்யும் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். ‘சமிக்ஞை மற்றும் மின்சக்தி’ உட்குழு என்பது அவர்களின் பெயர். அவர்களில் ஒருவரான பீட்டர் சாம்சன், கழகத்தில் புழங்கிய கொச்சைச் சொற்களை 1959-இல் அகராதியாகத் தொகுத்தார். அதில் ‘ஹேக்’ என்பதற்கு உருப்படியான பயன் எதுவும் இல்லாத வேலை என்றும், தனக்குத்தானே தவறாக யோசனை சொல்லிக்கொண்டு இறங்கிய வேலை என்றும் பொருள் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வேலையைச் செய்பவரே ஹேக்கர். திருட்டும் அங்கே இல்லை, வீரமும் இல்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவில் மேடைக்கடியில் படுத்துக்கொண்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இரண்டு ரிலே குறைத்து ஓடவைக்க முடியுமா என்று பார்ப்பவரைத் தோழர்கள் செல்லமாகத் திட்டிய சொல்தான் அது.

அந்தக் கூட்டம் விரைவிலேயே கணினிப் பக்கம் நகர்ந்தது. 1961-இல் எம்ஐடிக்கு பிடிபி-1 என்ற கணினி அன்பளிப்பாக வந்தது. விலை ஏறக்குறைய 1,20,000 டாலர். நினைவகம் 18 பிட் அகலத்தில் வெறும் 4,096 ‘சொற்கள்’, அதாவது ஆளுக்கோர் எண் வைக்கும் கட்டங்கள். 1962-இல் ஸ்டீவ் ரஸ்ஸல் முன்னின்று எழுத, நண்பர்கள் சேர்ந்து அதில் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள்: இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ‘ஸ்பேஸ்வார்’. பின்னணியில் விண்மீன்கள் மனம்போன போக்கில் தெளிக்கப்பட்டிருந்தது சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. அவர் வானியல் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையான வானத்தை, ஒவ்வொரு விண்மீனின் ஒளியளவும் ஏறக்குறையச் சரியாக இருக்கும்படி அந்தச் சின்ன நினைவகத்துக்குள் புகுத்தினார். அந்த நிரலுக்கு ‘விலையுயர்ந்த கோளரங்கம்’ என்று பெயர். லட்சம் டாலர் கருவியைத் தட்டச்சுப்பொறியாகப் பயன்படுத்திய இன்னொரு நிரலுக்கு ‘விலையுயர்ந்த தட்டச்சுப்பொறி’ என்று பெயர். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் இந்தத் தொனி அந்தப் பண்பாட்டின் பிரிக்க முடியாத பகுதி. கறுப்பு முக்காடும் பச்சை எழுத்தும் போட்டு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எடுக்கப்படும் விளம்பரப் படங்களைப் பார்க்கும்போது, இவர்கள் சிரிக்கவே மாட்டார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பழங்கதையை விட்டு, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தொழிற்கூடத்தில் எங்கள் குழு எழுதிய மென்பொருளோடு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய ஒரு சின்னப் பெட்டி திடீரென்று வேலை செய்யாமல் நின்றது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. சில நாள் கழித்து வேறொரு மூலையில் இன்னொரு பெட்டி; அதுவும் அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. வாடிக்கையாளருக்குத் திருப்தி, எங்கள் மேலாளருக்கும் திருப்தி, புகாரை முடித்துவிடச் சொல்லிவிட்டார்கள். குழுவில் இளையவர் ஒருவருக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. இரண்டு பெட்டிகளும் நிற்பதற்கு முன் எத்தனை நாள் தொடர்ந்து ஓடின என்று பதிவுகளிலிருந்து கணக்குப் போட்டார். இரண்டுக்கும் ஒரே விடை: 497 நாள்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவர் விளக்கியபோது அறையில் இருந்தவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கால லினக்ஸின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இயந்திரம் உயிர்பெற்றதிலிருந்து நொடிக்கு நூறு துடிப்பு வீதம் ஓர் எண்ணியைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த எண்ணி 32 பிட் அகலம். ஆகவே 429,49,67,296 துடிப்புகளோடு அதன் கொள்ளளவு முடிந்து மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். நூறால் வகுத்து நாளாக்கினால் 497 நாளும் சில மணி நேரமும் வரும். பழைய மோட்டார் சைக்கிளில் கிலோமீட்டர் காட்டும் எண் 99,999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போலத்தான். ‘இப்போதைய நேரம் கெடு நேரத்தைவிடப் பெரியதா’ என்று எங்கள் நிரல் நேரடியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. எண்ணி பூஜ்யத்துக்குப் போன கணத்தில், கெடு என்றைக்கும் வராத ஒன்றாகிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிச்சத்தின் குறி எதிர்மறையா என்று பார்த்தால் இந்தச் சிக்கல் வராது. கெர்னலில் அதற்கென்றே மேக்ரோ என்னும் ஆயத்த நிரல் துண்டு ஒன்று இருக்கிறது. நாங்கள்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

பிழை திருத்தம் அத்தோடு முடிந்தது, ஆனால் அவர் நிற்கவில்லை. பதினாறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டும் பிழையைக் கெர்னலை எழுதுகிறவர்கள் எப்படிச் சோதிப்பார்கள் என்று மூல நிரலைப் புரட்டியிருக்கிறார். 2.6 பதிப்பில் அவர் கண்டது இது: அங்கே எண்ணி பூஜ்யத்தில் தொடங்குவதே இல்லை. எண்ணி நிரம்பி வழிவதற்குச் சரியாக ஐந்து நிமிடத்துக்கு முந்தைய எண்ணில் தொடங்குகிறது. இயந்திரத்தைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் எண்ணி பூஜ்யத்தைக் கடந்துவிடும்; தவறாக ஒப்பிடும் நிரல் எதுவானாலும் எழுதியவர் மேசையிலேயே, தேநீர் ஆறுவதற்குள் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தொடக்க மதிப்பை மாற்றியதால், எங்கோ ஒரு தொழிற்கூடத்தில் பதினாறு மாதம் கழித்து வெடிக்க வேண்டியது இன்று மாலையே வெடிக்கிறது. இதைத்தான் நாங்கள் அழகான ஹேக் என்போம். அமைப்பின் ஆழத்தை அறிந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது, செய்வதற்கு ஒரு வரி, பார்த்ததும் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்து வரும். அந்த இளையவரை அன்றைக்கு எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் போகிற போக்கில் ஹேக்கர் என்று சொன்னார்.

அவர் தாமாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கல் தொடங்கிய ‘ஜார்கன் ஃபைல்’ என்னும் கொச்சைச்சொல் தொகுப்பு, பின்னர் பலர் கைபட்டு வளர்ந்தது. ஹேக்கர் என்பவர் கணினி அமைப்புகளின் நுணுக்கங்களைத் துருவிப் பார்ப்பதிலும் அவற்றின் எல்லையை நீட்டிப் பார்ப்பதிலும் இன்பம் காண்பவர், தேவையான அளவு மட்டும் கற்றுக்கொள்ள விரும்பும் பெரும்பாலோரிலிருந்து அவர் வேறுபடுவது இதில்தான் என்று அது விளக்குகிறது. தன்னைத் தானே ஹேக்கர் என்று சொல்லிக்கொள்வதைவிட அடுத்தவர் சொல்லக் கேட்பது நல்லது என்றும் ஒரு குறிப்பை அதில் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் வித்வான் என்ற பட்டம் எப்படியோ அப்படித்தான். சபை கொடுக்க வேண்டும், அழைப்பிதழில் தானே அச்சடித்துக்கொண்டால் சிரிப்பார்கள்.

இனிச் சற்றுத் தகராறான பகுதிக்கு வருகிறேன். இணையத்தில் இக்கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ஹேக்கர் என்பவர் நல்லவர், அத்துமீறுபவருக்கு ‘கிராக்கர்’ என்று பெயர், பத்திரிகைக்காரர்கள்தான் குழப்பிவிட்டார்கள் என்பது. இணையத் தரநிலை ஆவணங்களின் வரிசையில் 1993 ஜனவரியில் வந்த 1392-ஆம் எண் சொல்லகராதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நானும் இளமையில் இதை நம்பி, பலரிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். எம்ஐடியின் மாணவர் இதழான ‘தி டெக்’, 1963 நவம்பர் 20 அன்று வெளியிட்ட செய்தி ஒன்றில், ஹேக்கர்கள் எனப்படுவோரால் பல தொலைபேசி வசதிகளைக் குறைக்க நேர்ந்ததாகப் பேராசிரியர் ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. சொல் பிறந்த வீட்டிலேயே, பிறந்து சில ஆண்டுகளுக்குள், அடுத்தவர் தொலைபேசிக் கம்பியில் கைவைப்பவருக்கும் அதே பெயர் வழங்கியிருக்கிறது. ஆகவே பிற்காலப் பத்திரிகைகள் தூய சொல்லைக் கெடுத்துவிட்டன என்பது சரியான வரலாறு அன்று. ஒரே ஆர்வத்தின் இரு நடத்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரே சொல்தான்.

பூட்டுகளைப் பற்றி அந்தப் பண்பாட்டுக்கு இருந்த மனநிலையும் இதற்கு ஒரு காரணம். எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அவர்களே எழுதிய ஐடிஎஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லே கிடையாது. யார் கோப்பையும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பக்கத்து ஆய்வகத்தில் கடவுச்சொல் முறை வந்தபோது, இந்த ஆய்வகத்து நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மறையாக்கத்தைக் கட்டவிழ்த்து, ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் கடவுச்சொல்லையே காட்டி, இதற்குப் பதிலாக வெறும் எண்டர் விசையை வைத்துக்கொள்ளுங்களேன், இது எளிது என்று செய்தி அனுப்பினார். ஒருவரையொருவர் முகம் தெரிந்த சில நூறு பேர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் இது குறும்பு. சிலர் அவர் சொன்னபடியே செய்தும் இருக்கிறார்கள். இதையே இன்றைக்கு ஒரு வங்கியிடம் செய்தால் யாரும் குறும்பு என்று சொல்ல மாட்டார்கள். செயல் ஒன்றுதான், சுற்றியிருக்கும் சமுதாயம் வேறு. தகவல் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்ற அந்தக் கால வாசகத்தை இன்று அப்படியே எடுத்துப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

1983-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகர இளைஞர்கள் சிலர், தங்கள் ஊர்த் தொலைபேசிக் குறியீடான 414 என்பதையே குழுப்பெயராக வைத்துக்கொண்டு, லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகம் உட்படப் பல கணினிகளுக்குள் நுழைந்து பிடிபட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியவை, கருவியோடு வந்து யாரும் மாற்றாமல் விட்டிருந்த கடவுச்சொற்கள். உங்கள் ‘அட்மின்’ கதைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன். பொதுமக்கள் காதில் ஹேக்கர் என்ற சொல் திருடன் என்ற பொருளில் பதிந்தது ஏறக்குறைய அந்த ஆண்டில்தான். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் பரிசு பெற்றதையொட்டி 1984-இல் வெளியான உரையின் முடிவில், இப்படிப்பட்ட பிள்ளைகளை மேதைகளாகக் கொண்டாடுவதைக் கடுமையாகக் கண்டித்தார். மிகக் குறைந்தபட்சம் அது நாசவேலை, அதற்கு மேல் அத்துமீறலும் திருட்டும் என்பது அவர் தீர்ப்பு. சுவையான விஷயம் என்னவென்றால், அதே உரையின் பெரும்பகுதியில் அவர் விளக்கியது, மூல நிரலில் ஒரு தடயமும் விடாமல், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒரு கள்ளவாசலை எப்படி ஒளித்து வைப்பது என்பதைத்தான்.

இரண்டு நடத்தையும் ஒரே ஆளிடம் கலந்திருந்ததற்கு 1988 நவம்பர் 2 இரவு நடந்தது நல்ல சாட்சி. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் மோரிஸ், யூனிக்ஸ் இயந்திரங்களிடையே தானாகப் பரவும் ஒரு நிரலை வெளியில் விட்டார். கோப்பு எதையும் அழிக்கும்படி அது எழுதப்படவில்லை. ஓர் இயந்திரத்துக்குள் போனதும், தன் பிரதி ஏற்கெனவே அங்கு இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் விலகிக்கொள்ள வேண்டும். யாராவது நிர்வாகி பொய்யாக ‘இருக்கிறது’ என்று பதில் சொல்ல வைத்துத் தப்பித்துவிடுவாரோ என்று யோசித்த மோரிஸ், ஏழில் ஒரு தடவை பதில் எதுவானாலும் தங்கிவிடும்படி எழுதினார். அந்த ஏழு மிகச் சிறிய எண்ணாகிவிட்டது. ஒரே இயந்திரத்தில் பிரதிக்கு மேல் பிரதி ஏறி, இயந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. ஆறாயிரம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அந்த எண் எண்ணிப் பார்த்ததன்று, மொத்தம் அறுபதாயிரம் இருக்கலாம், அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்று போட்ட ஊகக் கணக்கு. உறுதியானது தண்டனைதான்: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அனுமதியின்றி நுழைய அவர் எண்ணியது நிரூபணமானால் போதும், சேதம் விளைவிக்க எண்ணினார் என்பதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிற்காலத்தில் அதே மோரிஸ் எம்ஐடியில் பேராசிரியரானார். அவரை ஹேக்கர் அல்லர் என்று சொல்ல எந்த நிரலாளருக்கும் மனம் வராது. அந்த இரவு அவர் செய்ததைச் சரி என்று சொல்லவும் பெரும்பாலோருக்கு மனம் வராது.

இந்தியச் சட்டம் இதில் ஒரு விசித்திரமான பாதையில் போயிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஆம் பிரிவின் தலைப்பே ‘கணினி அமைப்பை ஹேக் செய்தல்’ என்பதுதான். 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, ‘கணினி சார்ந்த குற்றங்கள்’ என்று வைத்தது. 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியையோ வலையமைப்பையோ அணுகுவது முதலான செயல்களை வரிசையாகச் சொல்கிறது. அவற்றை நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்களை ஊரார் என்ன பெயரில் அழைத்தாலும் சட்டத்துக்கு அக்கறையில்லை. அனுமதி இருந்ததா, மனத்தில் என்ன இருந்தது என்பதே அதன் கேள்வி. கடவுச்சொல் எளிதாக இருந்தது என்பது அனுமதி ஆகாது. உங்கள் நிலைமைக்கு எந்தப் பிரிவு பொருந்தும், பொருந்தாது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சட்டம் படித்தவர் யாராவது பதில் எழுதினால் என் பதிலைவிட அதற்கு முதலிடம் கொடுங்கள்.

தமிழில் ஊடுருவாளர் என்று எழுதினால் ஒரு பாதி போய்விடுகிறது. கொந்தர் என்றொரு சொல்லையும் சிலர் புழங்குகிறார்கள். ஒலி பிடித்திருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி விளக்க மறுபடியும் ஹேக்கர் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே நான் ஹேக்கர் என்றே எழுதுகிறேன். ஹேக்கத்தான் என்பதும் கல்லூரி விழாக்குழுக்கள் கண்டுபிடித்ததன்று. 1999 ஜூனில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை எழுதுபவர்கள் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடி நிரலெழுத உட்கார்ந்தபோது அதற்கு இட்ட பெயர் அது. அமெரிக்க மண்ணில் எழுதினால் மறையாக்க நிரலுக்கு ஏற்றுமதித் தடை குறுக்கே வரும் என்பதால் கனடாவில் கூடினார்கள். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. இன்றைய கல்லூரி ஹேக்கத்தான்களில் பாதி நேரம் படக்காட்சி தயாரிப்பதிலேயே போவதைப் பார்க்கிறேன், அது வேறு கதை.

இப்போது உங்கள் ரூட்டர். அதன் அடியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ அச்சிட்டிருந்த சொல்லைத் தட்டியதில் ஹேக் எதுவும் இல்லை; யாரும் சொல்லாமலே வேகத்தை உங்கள் அறைக்குத் திருப்பிக்கொண்டது, மற்ற அறைக்காரர்களின் பங்கை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. அந்த மாற்றத்தைப் பழையபடி ஆக்கச் செய்து, கடவுச்சொல் மாற்றப்படாமல் இருக்கிறது என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டியை மறுபடி தொடாதீர்கள்.

ஆனால் அதே போன்ற வேறொரு பெட்டி உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரூட்டருக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்பதைச் சிலர் துருவிக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் வழங்கப்படும் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்படி மூல நிரலை வெளியிட வேண்டும் என்று கேட்டார்கள். 2003-இல் நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து 2004-இல் கிளைத்ததே ஓபன்டபிள்யூஆர்டி என்னும், ரூட்டர்களுக்கான திறந்த இயங்குதளம். சென்னை ரிச்சி தெருவிலோ பழைய பொருள் கடையிலோ அது ஓடக்கூடிய ஒரு மாதிரியை வாங்குங்கள். அந்தத் திட்டத்தின் வன்பொருள் பட்டியலில் மாதிரி எண்ணோடு பதிப்பு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பழையவற்றைத் தள்ளிவிடுங்கள். திருகைக் கழற்றினால் பலகையில் நான்கு ஊசிகளோ நான்கு வெற்றுத் துளைகளோ வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் அதுதான் சீரியல் இணைப்பு, கணினியிலிருந்து ரூட்டரோடு நேரடியாக எழுத்தில் பேசும் வாசல். 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கம்பி ஒன்று வேண்டும், 5 வோல்ட் கம்பியைப் போட்டால் பலகை போய்விடலாம். தரைக் கம்பி, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி ஆகிய மூன்றை மட்டும் இணையுங்கள், மின்கம்பியை விட்டுவிடுங்கள். இணைப்பின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 115200 பிட். மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இடம் மாற்றிப் பாருங்கள். துவக்க நிரல் சில நொடி காத்திருக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் அது நிற்கும். அங்கிருந்து என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சிக்கிக்கொண்டால் திரையில் வந்ததை அப்படியே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.